அந்த நாற்பது வரி யார் எழுதியது?

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், ஆபீஸ் முடிந்து காஞ்சிபுரம் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். வாலாஜாபாத் தாண்டியதும் போனில் ஒரு மெயில் வந்தது. அதை இரண்டு முறை படித்தேன்.

அந்த நாளில் நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்வதும் அவ்வளவு சுலபமில்லை. பிளஸ் டூ முடித்ததும் ஒரு மென்பொருள் கம்பெனி என்னை வேலைக்கு எடுத்தது. அவர்களே ஒரு பல்கலைக்கழகத்தில் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பட்டப்படிப்பிலும் சேர்த்துவிட்டார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ். சனி, ஞாயிறு வீட்டிலிருந்தே ஆன்லைன் வகுப்பு. பையில் இரண்டு அடையாள அட்டைகள். ஆபீஸ் வாசலில் காலேஜ் அட்டையை நீட்டி செக்யூரிட்டி அண்ணனிடம் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். பரீட்சைத் தாளில் ஊழியர் எண்ணை எழுதிவிட்டு அடித்திருக்கிறேன்.

என் அம்மாவுக்கு என்னைவிடக் குழப்பம். "இன்னிக்கு ஆபீஸா காலேஜாமா?" என்று தினமும் காலையில் கேட்பாள். அது தெரிந்தால்தான் அவளுக்குத் தறியில் உட்கார வசதி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் தறி, அதற்குப் பின்னால் என் மேஜை. வகுப்பில் நான் வாய் திறக்க வேண்டுமென்றால் கையைத் தூக்குவேன். அம்மா ஓட்டுவதை நிறுத்துவாள். பேசி முடித்துக் கையை இறக்கினால் மறுபடி ஆரம்பிப்பாள்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. ஆபீஸில் சேர்ந்த புதிதில் ஒரு சின்ன வேலைக்கு மூன்று நாள் உட்கார்ந்து நானே கோட் எழுதினேன். பெருமையாகக் காட்டினேன். எங்கள் டீம் லீடை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது ஏற்கெனவே இருக்குதேமா. இருக்கிறதை எடுத்துப் போட்டா அஞ்சு நிமிஷ வேலை." அங்கே எல்லாமே 'நம்ம கோட்'. யார் எழுதினாலும் எல்லோருடையது. சனிக்கிழமை வந்தால் பேராசிரியர், ஒவ்வொரு வரியும் உங்கள் சொந்த வரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காப்பி என்பார். வெள்ளிக்கிழமை மாலை வரை கெட்டிக்காரத்தனமாக இருந்தது சனிக்கிழமை காலையில் திருட்டாகிவிடும். எதை எந்தத் தலையோடு யோசிப்பது என்று புரியாமலேயே ஒன்றரை வருடம் ஓட்டினேன்.

என்னோடு சேர்ந்தவர்களில் இன்னொரு காஞ்சிப் பக்கத்துப் பையன் உண்டு. தாமல் ஊர்க்காரன், விவசாயக் குடும்பம். ஒரே டீம், பக்கத்து சீட், ஒரே பஸ். பயிற்சிக்காக எங்கள் இருவருக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஆபீஸில் இருக்கும் மீட்டிங் அறைகளை யார் எப்போது எடுத்துக்கொள்வது, ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் கேட்டால் மோதாமல் எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று பார்க்கும் ஒரு சின்ன மென்பொருள். அதன் உயிர் நாற்பது வரிகளில் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து காலேஜில் ஒரு அசைன்மெண்ட் வந்தது. ஆய்வுக்கூடத்தை மாணவர்களுக்கு நேரம் பிரித்துக் கொடுக்கும் புரோகிராம். எனக்கு ஒரே சந்தோஷம். ஆபீஸ் ஃபைலை வெளியே எடுத்து வரக் கூடாது. ஆனால் அந்த நாற்பது வரியும் எனக்கு மனப்பாடம். வீட்டு லேப்டாப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக நானே அடித்தேன். பெயர்களை மாற்றினேன். அனுப்பிவிட்டு மறந்தும் போனேன்.

பஸ்ஸில் வந்த மெயில் அதைப் பற்றியது. என்னுடையதும் தாமல்காரனுடையதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கின்றன, சனிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை, இருவரும் தனித்தனியாக வர வேண்டும் என்று போட்டிருந்தது. காப்பி அடித்ததாக முடிவானால் படிப்பு போகும். படிப்போடு ஒட்டிக்கொண்டிருந்த வேலையும் போகும். மகள் சம்பாதித்துக்கொண்டே டிகிரி படிக்கிறாள் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

எனக்கு எப்போதும் மூக்கின் மேல் கோபம். பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி, "இன்னாபா, என் கோடை எடுத்து அனுப்பிட்டியா?" என்று கேட்டேன்.

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "உன்னுதா? அது நாம ரெண்டு பேரும் பண்ணதுதானே?" என்றான்.

அதற்கு மேல் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. மறுநாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டே அவனோடு பேசவில்லை.

சனிக்கிழமை அம்மா தறியை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். திரையில் இரண்டு பேராசிரியர்கள். யார் எழுதியது என்று கேட்டார்கள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நான்தான் சார் எழுதினேன். அவருக்கு ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டு. பார்த்து எழுதியிருக்கலாம்."

சத்தியமாகச் சொல்கிறேன், அது பொய் என்று எனக்குத் தெரியாது. என் விரல் அடித்தது எனக்கு ஞாபகம் இருந்தது. எந்த வரிக்குப் பின் எந்த வரி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

பெரியவராகத் தெரிந்த பேராசிரியர் மெதுவாகக் கேட்டார். "ஒருத்தர் நேரம் முடிஞ்சதும் அடுத்தவருக்கு உடனே கொடுக்காம நடுவுல அஞ்சு நிமிஷம் விட்டிருக்கீங்களேம்மா, அது எதுக்கு?"

"ஒரு பாதுகாப்புக்கு சார்."

"எதுலேர்ந்து?"

அந்த ஐந்து நிமிடம் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். ஏன் இருக்கிறது என்று தெரியவில்லை. நான் எழுதியதுதானே, எனக்கு எப்படித் தெரியாமல் போகும்? ஆபீஸில் யார் எதை எழுதினார்கள் என்ற பதிவு இருக்குமே, திங்கட்கிழமை மாலைக்குள் அனுப்புங்கள் என்றார். தாராளமாக என்றேன்.

"முடிஞ்சுதாமா? தறி ஓட்டட்டா?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள். ஓட்டு என்றேன்.

திங்கட்கிழமை அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். பயிற்சி வேலைதானே, அனுப்பலாம் என்று அனுமதி கொடுத்து, தன் திரையிலேயே பதிவைத் திறந்தார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதியவர் பெயரும் தேதியும் வரும். நாற்பது வரிகளில் முப்பத்தைந்துக்குப் பக்கத்தில் தாமல்காரன் பெயர். மீதி ஐந்துக்குப் பக்கத்தில் என் பெயர். அந்த ஐந்தும் கோட் இல்லை, படிப்பவர்களுக்கான விளக்கக் குறிப்புகள்.

பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவன் எழுதியதை உடைத்துப் பார்க்கும் டெஸ்ட்களை எழுதியது நான். அதற்காக அந்த நாற்பது வரியை ஒரு வாரம் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். பிறகு வீட்டில் அடித்திருக்கிறேன். எந்த இடத்தில் அது என்னுடையதாக மாறியது என்று எனக்கே பிடிபடவில்லை. இன்றுவரை பிடிபடவில்லை.

மதியம் கேண்டீனில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். கம்பெனி அனுமதிக்கவில்லை என்று ஒரு வரி மெயில் போட்டால் போதும், நம்பிவிடுவார்கள். பழி அவனோடு போகும். அந்த யோசனை எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அதுதான் பெரிய பொய்.

பதிவை எடுத்து மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும்போது ஒரு சின்னக் குறிப்பு எழுத வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவனுடைய கடைசி மாற்றத்தின் குறிப்பில் என் பெயரைப் போட்டு, பிழையைக் கண்டுபிடித்தது இவள், நான் திருத்தினேன், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தான். விசாரணை, சண்டை எதுவும் வராத காலத்தில் எழுதியது. நான் எழுதிய குறிப்புகள் பதினாறு இருந்தன. எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். ஒன்றில்கூட அவன் பெயர் இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பதிவை அப்படியே அனுப்பினேன். எழுதியது அவர், நான் சனிக்கிழமை சொன்னது தவறு என்றும் எழுதினேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் முடிவு வந்தது. எனக்கு அந்த அசைன்மெண்டில் பூஜ்யம், ஓர் எச்சரிக்கைக் கடிதம், கேமரா முன்னால் உட்கார்ந்து புதிதாக ஒன்று எழுத வேண்டும். சேர்ந்து செய்ததைக் குறிப்பிடாததற்காக அவனுக்குக் கொஞ்சம் மதிப்பெண் குறைத்தார்கள். படிப்பும் வேலையும் தப்பின.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அந்தத் திங்கட்கிழமை மாலை. பஸ்ஸில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சனிக்கிழமை உன்னைப் பத்தி தப்பா சொல்லிட்டேன்பா."

"தெரியும். எனக்கு சார் படிச்சுக் காட்டினாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா காலையில பஸ்ல எனக்கு சீட்டு புடிச்சு வெச்சே? நீ இன்னா சொன்னே அவருகிட்ட?"

"ரெண்டு பேரும் சேந்து பண்ணதுன்னு சொன்னேன். நீ பொய் சொல்லலமா, உனக்கு அப்டிதான் நெனப்பு இருந்திருக்கும். எனக்கே ரெண்டு நாளா கொழப்பமாதான் இருக்குது."

அழுகை வந்தது. அதை மறைக்க வேறு ஏதாவது கேட்க வேண்டும் போலிருந்தது. "அந்த அஞ்சு நிமிஷம் எதுக்குபா வெச்சே?"

சிரித்தான். "அதுவா? எங்க ஏரித் தண்ணி மொறைதான். ஒருத்தர் மொறை முடிஞ்ச உடனே அடுத்தவரு மடையத் தொறந்துக்கினா சண்டைதான் வரும். அப்போ வாய்க்கால்ல ஓடிக்கினு இருக்கிற தண்ணி யாருது? அதான் கொஞ்ச நேரம் வுட்டு தொறப்பாங்க."

இப்போது படிப்பு முடிந்துவிட்டது, பையில் ஒரே ஓர் அடையாள அட்டைதான் இருக்கிறது. ஆனாலும் ஏதாவது ஒன்றைக் காட்டி இது நான் செய்தது என்று சொல்ல வாய் வரும்போது, அந்த ஐந்து நிமிடத்தை விட்டுப் பார்க்கிறேன். அதற்குள் பெரும்பாலும் இன்னொருவர் பெயர் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.