இல்லாத ஆட்டைத் தேடியவர்கள்

எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் காலை எட்டு மணிக்கு ஆட்கள் இருக்க மாட்டார்கள். வரிசை மட்டும் இருக்கும். முதலில் ஒரு கொடுவாள், அதன் பின்னால் ஒரு மஞ்சள் பை, அடுத்தது ஒற்றைச் செருப்பு, பிறகு ஒரு மரவள்ளிக் கிழங்கு, பாதி கடித்த கொய்யா, வாழையிலையில் சுற்றிய ஏதோ ஒரு பொட்டலம். முதல் பஸ்ஸில் வந்தவர்கள் இவற்றை வைத்துவிட்டு டீக்கடைக்குப் போயிருப்பார்கள். ஒன்பது மணிக்கு டாக்டர் வந்ததும் ஒவ்வொருவராக வந்து தங்கள் பொருளுக்குப் பின்னால் நின்றுகொள்வார்கள். செருப்பைத் தாண்டிக் கிழங்கு முன்னால் வந்ததாக இந்த நான்கு வருடத்தில் ஒரு சண்டையும் நடந்ததில்லை. தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கிறது என் ஊர். அங்கே ரேஷன் கடையில் ஆளே நின்றுகொண்டிருந்தாலும் தாண்டிப் போய்விடுவார்கள். கொல்லிமலைக்கு வந்த புதிதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அருவியோ கொண்டை ஊசி வளைவுகளோ அல்ல, அந்தக் கொய்யாதான்.

இங்கே கூட்டிப் பெருக்குவதும் ஓ.பி. சீட்டு எழுதுவதும் என் வேலை. பத்தாவது வரை படித்திருக்கிறேன். கணவர் இறந்து இரண்டு வருடம் உப்பளத்தில் வேலை பார்த்த பிறகு, நாற்பத்து நான்காம் வயதில், தெரிந்தவர்கள் சொல்லி இந்த வேலைக்கு வந்தேன். வந்த இரண்டாம் நாள் காலையில் வாசலைப் பார்த்தேன். முந்தின நாள் குப்பை என்று நினைத்து எல்லாவற்றையும் வாரி ஒரு கூடையில் போட்டு மூலையில் வைத்தேன். கொய்யாவைக் குழியில் எறிந்தேன். ஒன்பது மணிக்கு முப்பது பேர் வந்து வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கோபப்படவில்லை. ஒருவர் மட்டும் என்னிடம் வந்து, "அம்மிணி, எம்பட கொய்யா எங்கீங்க?" என்று கேட்டார். நான் குழியைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் நான் குழிக்குள்ளேயா நிற்க வேண்டும் என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு இங்கே பெயர், 'வரிசையைக் கூட்டித் தள்ளுன அம்மிணி'.

நான் கூச்சப்படுகிறவள். பள்ளியில் பதில் தெரிந்தாலும் எழுந்து சொல்ல மாட்டேன். என்னைப் பற்றிய கதையைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் சொல்லப் பத்துப் பேர் சிரிப்பதைக் கேட்க என்னால் முடியவில்லை. பல நாள் மருந்து அறைக்குள் போய் நின்றிருக்கிறேன். அதிலும் ஒன்று எனக்கு விளங்கவே இல்லை. நான் உள்ளே இருந்தால் கதையை நிறுத்திவிடுவார்கள். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். என் முகத்துக்கு நேரே சிரிப்பதில் இவர்களுக்கு என்ன சுகம் என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றிச் சிரிப்பதென்றால் அவர் தெரு முனை திரும்பும் வரை பொறுத்திருப்போம். அதுதான் மரியாதை என்று நம்பி வளர்ந்தவள் நான்.

மாதம் ஒருமுறை பிரஷர் மாத்திரைக்கு வருபவர்களில் இந்த மலையிலேயே குண்டனி நாடு என்கிற பகுதியைச் சேர்ந்த மிளகு விவசாயி ஒருவர் உண்டு. அறுபது வயது இருக்கும். அவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். இங்கே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. மளிகைக் கடைக்காரரைக் கூப்பிடுவது போல இருக்கிறது என்று சிரிப்பார். டாக்டர் அவரைத் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். தோட்டத்துக்கு நடப்பது சேராதா என்று இவர் கேட்டதற்கு, அது வேலை, இது பயிற்சி, கையில் எதுவும் இல்லாமல் வீசி வேகமாக நடக்க வேண்டும் என்று விளக்கினார். டாக்டர் சமவெளிக்காரர், சின்ன வயது. இவர்கள் ஊரில் வெறுங்கையோடு வேகமாக நடந்து வருகிறவர் சாவுச் செய்தி கொண்டுவருகிறவர் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

முதல் நாள் விடியற்காலையில் இவர் கையை வீசி நடந்திருக்கிறார். மூன்றாவது வீட்டுப் பெண் வாசல் தெளிக்கிற பாத்திரத்தைப் போட்டுவிட்டு, யார் போனது என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். மறுநாள் கையில் ஒரு கயிறு எடுத்துக்கொண்டார். கயிற்றைப் பார்த்தவர்கள் ஆடு காணவில்லையா என்று கேட்டார்கள். டாக்டர் சும்மா நடக்கச் சொன்னார் என்று சொல்ல வெட்கம். ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். என்ன நிறம் என்றார்கள். கறுப்பு, ஒரு காது வெள்ளை என்றார். வேலையை விட்டுவிட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர் ஓடை வரை தேடியிருக்கிறார்கள். மத்தியானத்துக்கு மேல், பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், ஒரு காது வெள்ளையாக ஒரு கறுப்பு ஆடு மேற்கே போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்திருக்கிறார். இவருக்கே ஒரு நிமிடம், நமக்கு அப்படி ஒரு ஆடு இருந்ததோ என்று சந்தேகம் வந்துவிட்டதாம்.

இதை அவர் என்னிடம் குனிந்து, மெதுவாக, சீட்டு எழுதும் நேரத்தில் சொன்னார். இனிமேல் தன்னால் நடக்க முடியாது, டாக்டரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் சொன்னார். நான் அதை அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஆட்களிடம் சொன்னேன். நர்ஸ் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மருந்து கொடுப்பவருக்குப் புரை ஏறியது. வண்டி ஓட்டுபவர் தாமதமாக வந்ததால் அவருக்காக இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். இரண்டாம் முறை நன்றாகவே சொன்னேன். ஆடு இருந்ததோ என்று அவர் குழம்பிக் காதைச் சொறிவது போலச் செய்துகூடக் காட்டினேன். என் வாழ்நாளில் நான் பேசி ஒரு அறை முழுவதும் சிரித்தது அன்றுதான். அந்தச் சந்தோஷத்தில் அவர் எதற்காகக் குனிந்து சொன்னார் என்பது மறந்தே போயிற்று.

மருந்து கொடுப்பவர் கெட்டவர் அல்ல. அந்த ஊரிலிருந்து வந்த ஒருவரிடம், விஷயம் ஊருக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்து, அந்த இல்லாத ஆடு கிடைத்துவிட்டதா என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். வந்தவரோ அன்று ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று தேடியவர்.

அடுத்த மாதம் மிளகுக்காரர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. நர்ஸ் அக்கா பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, இவர் ஏன் மாத்திரை வாங்க வரவில்லை என்று கேட்டார். எங்கள் தெருவில் இதே மாத்திரையை நிறுத்திய ஒருவருக்கு ஒரு பக்கம் விழுந்துபோனது. இன்றும் அவருடைய மனைவிதான் சோறு ஊட்டிவிடுகிறாள். நான் நர்ஸ் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. டாக்டரைக் கேட்டு ஒரு அட்டை மாத்திரை கொடுத்து, கையோடு பிரஷர் பார்க்க வரச் சொல் என்று அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேர நடை. யாரும் பயந்துவிடக் கூடாதே என்று பையைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாகவே நடந்தேன். மிளகு பறிக்கும் காலம். அவருடைய மனைவி மிளகுக் கொடி படர்ந்த ஒரு மரத்தைக் கைகாட்டினார். ஒற்றை மூங்கிலில் கணுக்களைப் படியாக விட்டு வெட்டிய ஏணியில், தென்னை உயரத்தில், அவர் நின்றிருந்தார். பக்கத்து மரங்களிலும் ஆட்கள் இருந்தார்கள். கீழே நான்கைந்து பெண்கள் உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் எறங்கி வாங்களேன்" என்றேன்.

"இன்னும் பாதி மரம் கெடக்குதுங்க. சொல்லுங்க, கேக்குது."

தனியாகச் சொல்லலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தது எதற்கும் உதவவில்லை. அந்த உயரத்துக்குக் கேட்க வேண்டுமானால் கத்த வேண்டும். கத்தினால் தோட்டத்துக்கே கேட்கும். பையைக் கீழே வைத்தேன். பிறகு கத்தினேன். "உங்க கதைய நாந்தான் சொன்னேன் அண்ணாச்சி. மருந்து குடுக்குறவரு இல்ல. நாந்தான் மொதல்ல சொன்னேன்."

எல்லா மரங்களிலும் கைகள் நின்றுபோயின. பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்தான் முதலில் பேசினாள். "அந்த ஆட்டுக் கதையா அம்மிணி? அதை நாங்க தின்னே முடிச்சாச்சே."

அவளே விவரம் சொன்னாள். விஷயம் தெரிந்ததும் ஊர் கூடியிருக்கிறது. இல்லாத ஆட்டுக்காக ஊரை அலைய விட்டவர் இருக்கிற ஆடு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. கறுப்பில் வெள்ளைக் காது கிடைக்காததால் செம்மறிக் கிடா ஒன்றைக் கொடுத்திருக்கிறார். பக்கத்து ஊர்க்காரருக்கும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். இல்லாத ஆட்டைப் பார்த்தவருக்கு இல்லாத கறி என்று அவருக்கு முதலில் வெறும் இலையைப் போட்டு, எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் பரிமாறியிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் என் வாயால் ஒரு மனிதர் கிடாவை இழந்திருக்கிறார். அடக்கிக்கொண்டேன்.

மரத்திலிருந்து அவர் குரல் வந்தது. "ஊருக்காரங்க சிரிச்சாங்க. சிரிக்கட்டுமுங்க, அவங்க தேடுனவங்க. ஆஸ்பத்திரிக்காரங்க என்னத்தைத் தேடுனாங்க?"

ஒரு கொத்தைப் பறித்துக் கீழே போட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

"உங்க கதையுந்தான் நாங்க சொல்றோம். நீங்க இல்லாதப்ப ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கமா?"

மருந்து அறையில் ஒளிந்து நின்ற நாட்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. கதையை நிறுத்திக் காத்திருந்தது என்னைக் குத்துவதற்காக இல்லை. நான் இல்லாத இடத்தில் அந்தக் கதையைச் சொல்லத் தங்களுக்கு உரிமை இல்லை என்று நினைத்திருக்கிறார்கள். எது சரி என்று இன்றும் யோசிக்கிறேன். ஆள் போன பிறகு சிரிக்கும் எங்கள் ஊர் வழக்கத்தில் கூச்சப்படுகிறவர்கள் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே யார் எதைச் சொல்கிறார்கள் என்று கடைசி வரை தெரியாது. இங்கே நேருக்கு நேராக வலிக்கிறது. அதோடு முடிந்தும் விடுகிறது. ஒரு கிடா அளவுக்கு வலிக்கலாம், அவ்வளவுதான்.

"இப்ப நீங்க ஒண்ணு சொல்லுங்க. உங்களைப் பத்தி. இவங்களுக்கும் கேக்கற மாதிரி" என்றார் அவர்.

யாரிடமும் சொல்லாத ஒன்றுதான் என்னிடம் இருந்தது. சொன்னேன். ஊரில் என் அம்மா நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறார். நானும் மறுக்கவில்லை. போன கிறிஸ்துமஸுக்குப் போனபோது, உப்பளத்தில் நாற்பது வருடம் உழைத்த பக்கத்து வீட்டு மாமா, வீங்கிய காலைக் காட்ட வந்தார். அம்மா வாசலில் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் டாக்டர் தினமும் சொல்வது ஞாபகம் வர, உப்பைக் குறையுங்கள் என்றும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் சந்தில் ஏழு பேர் நின்றார்கள். வேறு எதுவும் தெரியாததால் ஏழு பேருக்கும் அதையே சொன்னேன். மறுநாள் தெரு முழுவதும் உப்பில்லாத மீன் குழம்பு. உப்பளத்துக் கணக்குப்பிள்ளை, உன் மகளுக்கு நம் தொழில் மேல் என்ன கோபம் என்று அம்மாவிடம் ஆள் விட்டுக் கேட்டார்.

தோட்டம் சிரித்தது. அந்தப் பெண் மட்டும், "அப்ப அங்க நீங்க நர்சுங்களா?" என்று கேட்டாள்.

"அங்க நர்சு."

"இங்க?"

"இங்கதான் நீங்களே பாக்குறீங்களே."

மூங்கில் ஆடும்படி அவர் சிரித்தார். பார்த்து, பார்த்து என்று அவருடைய மனைவி ஏணியைப் போய்ப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் இறங்கி வந்து மாத்திரையை வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரிசையில் அவருடைய கொடுவாள் இருந்தது. பிரஷர் கூடித்தான் இருந்தது. டாக்டர் கோபித்துக்கொண்டு மாத்திரையையும் நடையையும் மறுபடியும் தொடங்கி வைத்தார். இப்போது தினமும் கயிற்றோடு நடக்கிறாராம். ஆடு கிடைத்ததா என்று வீட்டுக்கு வீடு கேட்கிறார்கள், இன்னும் இல்லை என்று சொல்லிக்கொண்டே போகிறாராம். இதை எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "பேரைப் போடாதீங்க. ஆட்டைப் போடுங்க" என்றார்.

போன வாரம் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். புது மிளகு. அந்த உப்பளத்து ஐயாவுக்கு என்றார். உப்பில்லாமல் தின்கிறவருக்குக் காரமாவது இருக்கட்டுமாம். அது என் பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் இருக்கிறது. ஈஸ்டருக்கு ஊருக்குப் போகும்போது மாமாவிடம் கொடுக்க வேண்டும். யார் கொடுத்தது என்று அவர் கேட்பார். ஆட்டிலிருந்து தொடங்கினால்தான் அதைச் சொல்ல முடியும். ஆட்டைச் சொன்னால், மரத்தடியில் நின்று நான் கத்திச் சொன்னதையும் சொல்லியாக வேண்டும். நர்ஸ் இல்லை என்று மலையில் ஒரு தோட்டத்துக்கே தெரிந்துவிட்டது. சொந்தத் தெருவுக்கு இன்னும் தெரியாது. அங்கேயுள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் வரும் வரை சிரிக்காமல் பொறுத்திருங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, அம்மா நாற்காலியை வெளியே எடுப்பதற்குள் சொல்லிவிடுவது என்று இருக்கிறேன். சொன்ன பிறகு எங்கள் தெருவில் எனக்கு எங்கே இடம் போடுவார்கள் என்று பார்க்கப் பயமாகத்தான் இருக்கிறது. பார்க்க ஆசையாகவும் இருக்கிறது.