வசுவாசிக்கு முதலிடம்

மங்கையற்கரசி டீச்சருக்குச் சும்மா கிடைக்கிற எதுவும் ஆகாது. மாத்தளைக் கடைத்தெருவில் மரக்கறியோடு மேலதிகமாகப் போடும் கறிவேப்பிலையைக் கூட எடுத்துத் திரும்பத் தட்டில் வைத்துவிடுவார். பால்மாப் பெட்டிக்குள் இலவசமாக வந்த கரண்டியை அவித்து அவித்தும் நம்பாமல், கடைசியில் பூனைக்குச் சோறு போட வைத்துக்கொண்டார். பூனையும் அந்தக் கரண்டியைக் கண்டால் தள்ளித்தான் உட்காருமாம். அவர் பார்வை பட்டால் தராசு தானாகவே நேராகிவிடும் என்று கடைக்கார சாலிஹ் சத்தியம் செய்வார்.

அப்படிப்பட்டவரிடம்தான் இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டில் தர்மராஜா வந்து மாட்டினான். பலாபத்வலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவன் கணினி ஆசிரியன், அவர் விஞ்ஞான டீச்சர். ஆசிரியர்களுக்கு இலவசமாக உதவும் இணையத்தளங்கள் பற்றிய செயலமர்வுக்குப் போய்விட்டு, புதுமாப்பிள்ளை மாதிரி முகத்தோடு வந்தான்.

“டீச்சர், நீங்க கேள்விய மட்டும் போடுங்க. புள்ளைங்க கம்பியூட்டர்ல பதில் சொல்லுவாங்க. அந்த நிமிசமே அதுவே புள்ளி போட்டுரும்.”

“எவ்வளவு கேக்கிறாங்கள்?”

“ஒரு சதமும் இல்லீங்க.”

“அதுதான் தம்பி எனக்குப் பயமாக் கிடக்கு.”

ஆனாலும் மனம் இழுத்தது. விடைத்தாள் கட்டோடு பஸ்ஸில் போவது அந்த யுத்த நாளில், அதுவும் வடக்கிலிருந்து வந்த டீச்சருக்கு, சின்ன விஷயமில்லை. சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் இறக்கி, கட்டை அவிழ்த்து, பிள்ளைகள் கீறிய தவளையின் இதயத்தை ஏதோ பாலத்தின் வரைபடம் போலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அதிலிருந்து தப்பலாமே என்று கணினி முன் உட்கார்ந்தார்.

அந்தத் தளம் முதலில் கேட்டது மாணவர்களின் பெயர், பிறந்த திகதி, ஊர்.

டீச்சர் கையை எடுத்துவிட்டார். போன மாதம்தான் பொலிஸார் வீட்டுக்கு வந்து, இருப்பவர் எல்லோருடைய பெயரையும் பதிந்துகொண்டு போயிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன், அவர்கள் தேடும் வேறு யாருக்கோ உள்ள பெயரை வைத்திருந்த குற்றத்துக்காக பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டு, இன்னும் வீடு வரவில்லை.

“இந்தப் பேரெல்லாம் எங்க போய்ச் சேருது, தம்பி?”

“அமெரிக்காவுல எங்கயாவது ஒரு மிசின்ல இருக்குமுங்க.”

“அங்கயிருந்து?”

தர்மராஜா கணினியை அணைத்தான்.

மறுநாள் டீச்சர் தரம் ஒன்பது பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குப் பெயர் வைப்பது போல, காதுக்குள் மூன்று முறை ஒரு பெயரை ஓதினார். கராம்பு. மிளகு. ஏலம். கறுவா. சாதிக்காயைப் போர்த்தியிருக்கும் சிவப்புத் தோலான வசுவாசி கூட ஒரு பிள்ளைக்கு வாய்த்தது. பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருப்பவருக்குக் கூட மூச்சு விடக்கூடாது என்று கட்டளை. எல்லோரும் பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் ஆண்டு தைப்பொங்கல். ஊர், கண்டி இராச்சியம்.

வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் மிளகாகவும் கராம்பாகவும் மாறிப் பொரிந்து தள்ளினார்கள். எந்தப் பரீட்சை வைத்தாலும் வசுவாசிதான் முதலிடம்.

பிறகு வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அறிவித்தல் வந்தது. இணையத்தில் படிக்கும் வகுப்புகளிலிருந்து முதல் பிள்ளைக்குக் கண்டியில் ஒரு மாதக் கணினிப் பயிற்சி, தங்குமிடமும் உண்டு. வசுவாசிக்கு அதைவிட்டால் வேறு வழி வராது என்று டீச்சருக்குத் தெரியும். தளத்தில் இருந்த பெறுபேற்றை அப்படியே அனுப்பினார்.

அடுத்த கிழமை அதிகாரி ஞானசுந்தரம் பிள்ளைகள் இருந்த கணினி அறைக்கு நேரிலேயே வந்து இறங்கினார். அவரும் வடக்கு வழி வந்தவர்தான்.

“என்ன டீச்சர் இது? உங்கட வகுப்பில படிக்கிறது பிள்ளையளோ, கறித்தூளோ?”

“பிள்ளையள்தான் ஐயா.”

“எல்லாருக்கும் நூற்றெட்டு வயசு!”

“கொஞ்சம் பிந்திப் படிக்க வந்ததுகள்.”

அதிகாரி சிரிக்கவில்லை. “நீங்களே கேள்வி போட்டு, நீங்களே பதிலும் போட்டிருக்கலாம். உண்மைப் பேரை இப்ப இதில பதியுங்கோ. இல்லாட்டி அந்த இடம் வேற பள்ளிக்கூடத்துக்குப் போகும்.”

டீச்சர் எழுந்து தன் கதிரையை அவர் பக்கம் தள்ளினார். “ஐயாவும் ஆசிரியராப் பதிஞ்சு, நீங்களே புதுக் கேள்வி போடுங்கோ. உங்கட உண்மைப் பேர், பிறந்த திகதி, ஊர் எல்லாம் முதல்ல போடுங்கோ. பிறகு நான் பிள்ளையளின்ரயைப் போடுறன்.”

ஞானசுந்தரம் உட்கார்ந்தார். ஒரு விரலால் ‘ஞா’ என்று தட்டினார். விரல் நின்றது. பக்கத்தில் நின்ற தர்மராஜாவைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு தட்டியதை மெதுவாக அழித்துவிட்டு, பெருங்காயம் என்று எழுதினார்.

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கல்வி அதிகாரியை நம்பினார், கால்வாசி.

பெருங்காயம் பத்துக் கேள்வி போட்டது. பிள்ளைகள் வரிசையாக வந்து பதில் தட்டினார்கள். வசுவாசிக்கு எல்லாம் சரி.

“ஆர் இந்த வசுவாசி?” என்றார் அதிகாரி, குரலை இறக்கி.

வகுப்பு மூச்சு விடவில்லை. டீச்சர் அவர் காதுக்குள் சொல்லலாமா என்று குனிந்தபோது, பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தது. மிளகு காயப்போடும் அழகாயியின் மகள்.

“நான்தான் சேர். ஞானாம்பிகைங்க.”

பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அதிகாரி பேனாவை எடுத்தார்.

மங்கையற்கரசி டீச்சர் போய், றோட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்.