நன்றி சொல்லப் போன இடத்தில்

நன்கொடையில் ஓடும் எங்கள் ஆய்வகத்தைப் போன வருஷக் காலராவில் தாங்கிப் பிடித்தவர்களுக்கு நேரில் போய் நன்றி சொல்லி வருகிறோம்.

இன்று மகாபலிபுரம் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கும் கன்னியம்மாவிடம் போனேன். நோய் பரவிய நாட்களில், பரிசோதனை செய்ய எங்களுக்குத் தன் வீட்டையே கொடுத்துவிட்டு, வலைக் கொட்டகையில் படுத்துக்கொண்டவர் அவர்.

நான் வாயெடுப்பதற்குள், "நன்றி கெடக்கட்டும் சார். வூட்ட மறுபடி காலி பண்ணணுமா, அத்த சொல்லு" என்றார்.

"என்னம்மா ஆச்சு?"

"பக்கத்து வூட்டு வள்ளிக்கு காத்தாலருந்து வாந்தி. வயித்தால கஞ்சித் தண்ணியாட்டம் போய்கினே கீது."

ஓடிப்போய்ப் பார்த்தேன். வள்ளிக்குக் கண்கள் குழிந்திருந்தன. கிள்ளிய தோல் அப்படியே நின்றது.

மீன் வண்டியில் அவளை ஏற்றினோம். வண்டி கிளம்பும்போதே கன்னியம்மா பாயையும் சட்டிகளையும் வாசலில் எடுத்துப் போட ஆரம்பித்திருந்தார்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சலைன் ஏறிய பிறகு வள்ளி கண் திறந்தாள். அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

"முட்டுக்காட்டுலருந்தும் இதே மாதிரி இப்பதான் ஒருத்தர கொண்டாந்தாங்க சார்" என்றார் நர்ஸ்.

நன்றி சொல்லும் வேலை பாதியில் நிற்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அதற்குள் மறுபடி உதவி கேட்க வந்துவிட்டோம்.

நாளைக் காலையில் கன்னியம்மா வீட்டுக்கு யாரெல்லாம் வருகிறீர்கள்?