விரலை வெட்டிய கதவு

கதை விடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கொரு மிதப்பு உண்டு. வில்லியனூர் பக்கம் தகரம் வெட்டும் பட்டறையில் வேலை பார்த்தேன். கூட வேலை செய்த ஒடிசாக்காரன் பிகாஷுக்குப் பட்டறையின் ஆள் பதிவேட்டில் பெயரே கிடையாது. போன வருஷம் மிஷினில் அவனுக்கு இரண்டு விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். பட்டறை என்று சொன்னால் பெயரில்லாத அவனுக்குத்தான் வம்பு என்று நானாக நினைத்துக்கொண்டு, "வூட்டுக் கதவுல நசுங்கிடுச்சு சார்" என்றேன்.

"விரலை வெட்டுதா? இன்னா கதவுய்யா அது?" என்றார் டாக்டர்.

"அந்தக் காலத்துத் தேக்கு சார்."

தமிழ் சரியாக வராத பிகாஷ் என்னை நம்பித் தலையாட்டினான். டாக்டர் அப்படியே எழுதினார்.

முதலாளி கைவிட்டதும் வக்கீலிடம் போனோம். "பதிவேட்டுல பேர் இல்லன்னாலும், வேலையில அடிபட்டா நஷ்டஈடு கேக்க உரிமை இருக்கு. ஆனா ஆஸ்பத்திரி சீட்டுல கதவுன்னு இருக்கேப்பா" என்றார்.

"அண்ணே, பேப்பர்ல இன்னா இருக்கு?" என்று பிகாஷ் என்னைக் கேட்டான். நான் விட்ட கதவுக் கதையை அவனிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

பொய் சொன்னது நான்தான் என்று வக்கீலிடம் எழுதிக் கொடுத்தேன். அதோடு அந்தப் பதிவேட்டிலிருந்து என் பெயரும் போனது, வேலையும் போனது. வழக்கு இன்னும் இழுக்கிறது. புது இடத்தில் யாருக்கு அடிபட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். டாக்டர் எழுதியதை வாசிக்கக் கேட்ட பிறகே நகர்கிறேன்.