பதினோரு தடவை தெலுங்குக்குப் போய் வந்தோம்

போன வாரம் எனக்கு இரண்டு போன் வந்தது.

முதல் போன், கூடப் படித்த தோழி. சென்னையிலிருந்து. "சாரதா... நல்லா இருக்கியா?" என்று இழுத்தாள். அந்த இழுப்பு எனக்குத் தெரியும். "எத்தனை பேர், எந்தக் கிழமை?" என்று கேட்டுவிட்டேன். திருப்பதியிலிருந்து ஒரு மணி நேர தூரத்தில் வீடு இருக்கிற எல்லோருக்கும் இந்த ஞானம் தானாக வந்துவிடும். தரிசன விஷயத்தில் எங்களால் ஒரு துரும்பைக்கூட அசைக்க முடியாது. நாங்களும் எல்லோரையும் போல ஆன்லைனில் முட்டி மோதுகிற ஆட்கள்தான். சொன்னால் யார் நம்புகிறார்கள்?

இரண்டாவது போன் கும்பகோணத்திலிருந்து. அது ஒரு புகார். அதைச் சொல்ல வேண்டுமானால், போன வருஷத்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் போக வேண்டும்.

நகரியில் என் அண்ணனுக்கு ஆறு பவர்லூம் தறி. ஒரே மகன் தினேஷ், ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. அதற்கு முன்பு ஒரகடத்தில் இருந்தபோது, கூட வேலை பார்த்த வித்யாவை அவனுக்குப் பிடித்துப்போனது. அவளுக்கும் இவனை. ஜாதகம், படிப்பு எல்லாம் சரி. கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அவள் அப்பாவுக்குத்தான் ஒரு தயக்கம் – "பையன் நல்ல பையன்தான். ஆனா ஆந்திராவாச்சே..."

அவள் அம்மா ராஜேஸ்வரி முடிவாகச் சொன்னாராம்: "வீட்டைப் பார்த்துட்டு வந்து சொல்றோம்."

மாப்பிள்ளை வீடு பார்க்க வருவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். ஆனால் அண்ணன் அதை 'ஊர் பார்க்க வருகிறார்கள்' என்று எடுத்துக்கொண்டார். விருந்தாளி என்றால் அவருக்கு சாமி வந்துவிடும். நகரி மலையின் மூக்கு, கைலாசகோனா அருவி, பிச்சாட்டூர் ஏரி, சுருட்டப்பள்ளியில் படுத்திருக்கும் சிவன் – இந்த வரிசை மாறாது. வருகிறவர் முழங்கால் வலிக்காரராக இருந்தாலும் மாறாது.

முதல் நாள் சாயங்காலம் வீட்டில் ஒரு மீட்டிங் போட்டார்.

"நாளைக்கு ஒருத்தரும் தெலுங்குல வாய் தொறக்கக் கூடாது. வந்துக்கினு போய்க்கினு, துன்றது, இன்னாது... இதெல்லாம் வாணாம். அவங்க கும்மோணம். சுத்தமா பேசணும்."

"நைனா, அப்போ நான் யார் கிட்டயும் பேச வாணாமா?" என்றான் தினேஷ்.

"நான் வாயே தொறக்கல, போதுமா?" என்றார் அண்ணி. அண்ணிக்குப் பிறந்த வீடு புத்தூர். அவருக்குக் கோபம் தெலுங்கில்தான் வரும்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "சாரதா, நீதான் பத்திரிகைல எழுதறியே. நீ பேசு. நாங்க தலையாட்டறோம்."

சிரிப்பாக இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. எங்கள் கதை உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ... சென்னையில் பஸ்ஸில் வாய் திறந்தால் "நீங்க தெலுங்கா?" என்பார்கள். இங்கே ஆபீஸில் வாய் திறந்தால் "அரவமா?" என்பார்கள். அரவம் என்றால் தமிழ். இரண்டு பக்கமும் கேட்டுக் கேட்டு, வெளியூர்த் தமிழர்கள் வந்தால் எங்களுக்கு ஒரு பயம் வந்துவிடும். பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவனும் மனைவியுமாக அவர்கள் வந்தார்கள். தெருவில் எந்நேரமும் இருக்கிற தறிச் சத்தம் அண்ணன் வீட்டில் மட்டும் இல்லை. விருந்தாளிக்குத் தலைவலி வரக் கூடாதென்று ஆறு தறியையும் நிறுத்தி வைத்திருந்தார்.

வித்யாவின் அப்பா அமைதியான மனிதர். அம்மா ராஜேஸ்வரி எல்லாவற்றையும் பார்த்தார். ஜன்னல், தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி, என் முகம். சிரிக்கவில்லை.

காபி முடிந்ததும் எல்லோரும் ஒரே வண்டியில் கிளம்பினோம். அண்ணன் ஓட்ட, பக்கத்தில் தினேஷ். நடுவில் விருந்தாளிகள். பின்னால் நானும் அண்ணியும்.

"அதோ, மலையின் உச்சியைப் பாருங்கள். மூக்கு தெரிகிறதா?" என்றார் அண்ணன். ரேடியோவில் செய்தி வாசிப்பது போல இருந்தது. ஐம்பத்தெட்டு வருஷத்தில் என் அண்ணன் 'தெரிகிறதா' என்று சொல்லிக் கேட்டது அன்றுதான்.

"எங்க?" என்றார் ராஜேஸ்வரி. அவருக்குத் தெரியவில்லை. முதல் தடவை வருகிறவர்களுக்குச் சட்டென்று தெரியாது. மல்லாந்து படுத்திருக்கிற ஆளின் மூக்கு போல அந்தப் பாறை நிற்கும். ஒரு தடவை பிடிபட்டால் அப்புறம் மலையே தெரியாது, மூக்குதான் தெரியும்.

நாராயணவனம் தாண்டும்போது அண்ணனுக்கு ஒரு போன். அருவிப் பக்கம் கடை வைத்திருக்கும் நண்பர். பேசி முடித்துவிட்டு மகனிடம் மெதுவாக, "அக்கட நீளு லேவண்ட" என்றார். அங்கே தண்ணீர் இல்லையாம். எப்போதும் விழுகிற அருவி. அன்று பார்த்து நூல் போல ஒழுகுகிறதாம். "நேரா ஏரிக்குப் போயிடலாம், இவங்க கிட்ட சொல்லாத" என்றார், அதுவும் தெலுங்கில்.

அண்ணி அவர் பங்குக்கு வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த தங்கைக்குப் போன் போட்டுத் தயிர் போதுமா என்று விசாரித்தார். தெலுங்கில். தினேஷ் அப்பாவிடம் ஏசியைக் குறைக்கச் சொன்னான். தெலுங்கில். நானும் அண்ணியின் காதில் ஒன்று சொன்னேன். அது என்னவென்று அப்புறம் சொல்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் யாரும் இதைத் தெரிந்து செய்யவில்லை. வீட்டுக்குத் தமிழ்க்காரர்கள் வந்தால் ரகசியத்தைத் தெலுங்கில் சொல்வோம். தெலுங்குக்காரர்கள் வந்தால் தமிழில். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இப்படித்தான். மற்ற ஊரில் சமையலறைக்குள் போய்க் குசுகுசுப்பார்கள் இல்லையா? எங்களுக்கு அந்தச் சமையலறை வாய்க்குள்ளேயே இருக்கிறது. இதைத் தப்பென்று யாரும் எங்களிடம் சொன்னதும் இல்லை.

பிச்சாட்டூர் ஏரிக்கரையில் நல்ல காற்று. அண்ணன் வித்யாவின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மதகுப் பக்கம் நடந்தார். "இது ஆரணி ஆற்றின் நீர்..." என்று ரேடியோ கேட்டது. ராஜேஸ்வரி மட்டும் என் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளுங்க."

"காலைலேர்ந்து நீங்க எல்லாரும் பதினோரு தடவை தெலுங்குல பேசிட்டீங்க. எண்ணிட்டே வந்தேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எங்கள் ஊரில், எங்கள் வண்டியில், எங்கள் வாயை எண்ணுவதற்கு இவர் யார்? இத்தனை வருஷமாகத் தமிழில் எழுதுகிறவள் நான்... வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் பேசினீங்க. எங்களைப் பத்தித்தான் பேசறீங்களோன்னு ஒவ்வொரு தடவையும் திக்குங்குது. நாங்க சாயங்காலம் ஊருக்குப் போயிடுவோம். எம்பொண்ணு? அவ அடுப்படில நிப்பா, நீங்க கூடத்துல இப்படிப் பேசுவீங்க. தன் வீட்டுலயே அவ விருந்தாளியாட்டம் நிக்கணுமா? ஏரி நல்லாருக்கு, மலை நல்லாருக்கு. எனக்குத்தாங்க மனசு வரல."

வந்த கோபம் அப்படியே இறங்கிவிட்டது. காரணம், அண்ணியின் காதில் நான் சொன்ன அந்தப் பன்னிரண்டாவது... இல்லை, அதையும் சேர்த்துத்தான் அவர் எண்ணியிருப்பார்.

நேராக மதகுக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். முகம் விழுந்துவிட்டது. தினேஷ் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அவன் கல்யாணம் அங்கே கரையில் நின்றுகொண்டிருந்தது.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு ராஜேஸ்வரிக்கு முன்னால் வந்து நின்றார். ரேடியோ நின்றுபோயிருந்தது.

"அம்மா, தப்பு நடந்து போச்சு. இன்னா பேசிக்கினோம்னு ஒண்ணு வுடாம சொல்லிடறேன். ஃபால்ஸ்ல தண்ணி இல்லியாம். உங்களுக்குத் தெரிஞ்சா நல்லா இருக்காதேன்னு மறைச்சிட்டேன். இவ தயிர் பத்துமான்னு கேட்டா, மூணு தபா. பையன் ஏசி கம்மி பண்ணச் சொன்னான், நீங்க முந்தானைய இழுத்துப் போத்திக்கினீங்களாம். அப்பளம் பொரிச்சாச்சா, வாட்டர் கேன் வந்துச்சா... அவ்ளோதாம்மா."

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து என்னிடம் நின்றார். பின் சீட்டில் நான் சொன்னது அவருக்கும் கேட்டிருக்கிறது. தம் கட்டிக்கொண்டு, "தங்கச்சி ஒண்ணும் சொல்லலைம்மா" என்றார்.

வீட்டிலேயே சுத்தத் தமிழுக்குப் பொறுப்பானவள் நான். பொய்யும் என் பெயரில் போக வேண்டுமா?

"சொன்னேன்," என்றேன். "இந்தம்மா சிரிக்கவே மாட்டாங்களான்னு அண்ணிகிட்ட கேட்டேன். மன்னிச்சிடுங்க."

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. பத்துப் பேச்சு சோற்றைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும். விருந்தாளியைக் குறையாகப் பேசிய ஒரே ஆள், வாரா வாரம் உங்களுக்கு நல்லது கெட்டது சொல்கிற இந்த நான்.

ராஜேஸ்வரி என் பக்கம் திரும்பினார். "சிரிக்கலாம்னுதான் இருந்தேன். என்ன பேசறீங்கன்னு புரிஞ்சாத்தானே சிரிக்க முடியும்?"

அண்ணன் சத்தியம் செய்யக் கையை நீட்டினார். இனிமேல் அந்த வீட்டில் தெலுங்கே கிடையாது என்றார். ராஜேஸ்வரி தடுத்துவிட்டார்.

"அதெல்லாம் வேண்டாம். உங்களால முடியாது. நடக்காத சத்தியம் எதுக்கு? எம்பொண்ணுக்கு அதைச் சொல்லிக் குடுத்துடுங்க. வந்த முதல் மாசமே." என் பக்கம் கை காட்டினார். "நீங்கதான் சொல்லித் தரணும். அது உங்களுக்கு தண்டனை."

சுருட்டப்பள்ளி சிவனை அன்று யாரும் எழுப்பவில்லை. "அப்போ வூட்டுக்குப் போய்த் துன்னலாமா?" என்றார் அண்ணன். அன்று காலையிலிருந்து அவர் பேசியதிலேயே அதுதான் நல்ல தமிழ் என்று எனக்குப் பட்டது.

திரும்பும் வழியில் வண்டியை மார்க்கெட்டில் நிறுத்தச் சொன்னார் ராஜேஸ்வரி. கீரைக்காரம்மா ஒரு வாக்கியத்தில் பாதி தமிழும் பாதி தெலுங்குமாகப் பேசியதைக் கேட்டார். பஸ் ஸ்டாண்டு, மருந்துக் கடை, ஸ்கூல்... எங்கள் லிஸ்டில் இல்லாத இடமாகப் பார்த்து இறங்கினார். வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கணவர் அன்றைக்கு முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங்க, பக்கத்து வீட்லல்லாம் தறி ஓடுதே. உங்களுது ஏன் ஓடலை?"

உங்களுக்காக நிறுத்தினேன் என்றார் அண்ணன். "நான் பாத்திரம் தட்டற தெருவுல பொறந்தவங்க. ஓட விடுங்க" என்றார் அவர். ஆறு தறியும் ஓட, அந்தச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிக்கொண்டு சாப்பிட்டோம். தயிர் பத்தவில்லை.

கிளம்பும்போது கார் கண்ணாடியை இறக்கி ராஜேஸ்வரி மலையைக் காட்டினார். "மூக்கு தெரியுதுங்க."

பிறகு நான் நிறைய யோசித்தேன். ஊரைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று மலையைக் காட்டுகிறோம், தண்ணீரைக் காட்டுகிறோம், சாமியைக் காட்டுகிறோம். அதெல்லாம் நாம் இல்லாவிட்டாலும் அங்கேயேதான் இருக்கும். நாம் இருக்கிற ஊரை – நம் சத்தத்தை, நம் பேச்சை – துணி போட்டு மூடி வைத்துவிடுகிறோம். ஊர் மேல் அவ்வளவு ஆசை என்கிறோம். அந்த ஊர் நம் வாயில் வந்தால் மட்டும் கூச்சப்படுகிறோம். இது என்ன ஆசை? ஏரிக்கரையில் அந்த அம்மா கேட்காமல் போயிருந்தால், நல்ல ஊர் என்று சொல்லிவிட்டுப் போய், பெண் தர மாட்டோம் என்று போனில் சொல்லியிருப்பார்கள். காரணம் தெரியாமல் நாங்களும் 'ஆந்திரான்னா அவங்களுக்கு இளப்பம்' என்று காலம் பூராவும் பேசிக்கொண்டிருந்திருப்போம்.

கல்யாணம் ஆகி ஆறு மாதம் ஆகிறது. என் தண்டனையை ஒழுங்காக அனுபவித்தேன். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம். வித்யா கற்பூரம், பட்டென்று பற்றிக்கொண்டாள்.

இப்போது அந்த இரண்டாவது போன்.

"சம்பந்தி, இது நியாயமா?" என்றார் ராஜேஸ்வரி. "நேத்து வீடியோ கால்ல பேசிட்டிருக்கோம். எங்க கண்ணு முன்னாடியே வித்யா மாப்பிள்ளைகிட்ட தெலுங்குல ஏதோ சொல்றா. ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. என்னடின்னு கேட்டா, ஒண்ணுமில்லம்மா, தயிர் பத்துமான்னு கேட்டேங்கறா."

"அப்போ தயிர்தான். தாராளமா நம்புங்க," என்றேன்.

"நம்பலாம்தான். ஆனா சொல்லிக் குடுத்தது நீங்களாச்சே."