அம்மா கயையில் விட்டுவந்தது

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில், அந்த வருடம் எந்த வீட்டிலிருந்தும் பாகற்காய் வதங்கும் கசப்பு வாசனை வரவில்லை. எந்த வருடம் என்று திட்டமாகச் சொல்லவே விருப்பம். ஆனால் எண்பதுகளின் பிற்பாதி, வரிசைக்கு முதல் கலர் டிவி வந்ததற்கு அடுத்த தை என்பதுவரைதான் உறுதி.

அப்பா வேலை பார்த்த அரசுத் தொழிற்சாலையின் ஊழியர்களுக்கு ‘எல்.டி.சி.’ என்றொரு சலுகை உண்டு. அரசுச் செலவில் குடும்பத்தோடு ரயிலேறி ஊர் பார்த்துவரலாம். எங்கள் வரிசையில் வீடு வீடாகக் காசிக்கும் கயைக்கும் போய்வந்தார்கள். கயையில் ஆலமரத்தடியில் புரோகிதர் கேட்கும்போது, ஆசைப்பட்டுச் சாப்பிடும் காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் ஆயுளுக்கும் விட்டுவிடுவதாகச் சொல்லி நீர் வார்க்கவேண்டும். காயில் தொடங்கி மெல்ல மெல்ல ஆசையையே விடப் பழகவேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் வரிசைக்காரர்கள் கூசாமல் பாகற்காயை விட்டுவிட்டு வந்தார்கள்.

அந்தத் தையில் அப்பாவும் அம்மாவும் புறப்பட்டார்கள். ஏழாம் வகுப்பிலிருந்த நான் பள்ளிக்கூடத்தை விடமுடியாமல் பக்கத்து வீட்டு ‘மதுரை அக்கா’விடம் தங்கினேன். அவர்கள் ரயிலேறிய பிறகுதான் பள்ளியில் அரையாண்டு ரேங்க் சொன்னார்கள். எப்போதும் முதல் மூன்றுக்குள் நிற்கும் நான், வகுப்பின் பின்பாதிக்குப் போயிருந்தேன். குழாயடியில் மற்ற பிள்ளைகளின் ரேங்க்கை விசாரித்த பிறகே குடத்தை இடுப்பில் வைப்பவள் அம்மா. நான் ஓர் இடம் இறங்கினாலும் அடிக்கமாட்டாள், பேசமாட்டாள். அதற்கு அடியே மேல். இந்த முறை அந்த மௌனம் எத்தனை நாள் நீளுமோ என்ற பயத்தில் அக்கா போட்ட சோறு எனக்கு இறங்கவில்லை.

திரும்பி வந்ததும் அம்மா என் மணிக்கட்டில் காசிக்கயிறு கட்டினாள். பிறகு, “பரீட்சைக்கு ஒழுங்காப் படிச்சியா?” என்றாள்.

“படிச்சேம்மா.”

“சரி, கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்.”

அவ்வளவுதான், ரேங்க்கைக் கேட்கவேயில்லை. காரணத்தை அப்பாதான் சிரித்துக்கொண்டே சொன்னார். தன் முறை வந்ததும் அம்மா, “என் பொண்ணோட ரேங்க்க விட்டுட்டேன்” என்றாளாம். அரைகுறைத் தமிழ் தெரிந்த புரோகிதர், அது என்ன காய் என்று கேட்டிருக்கிறார். அப்பா தொழிற்சாலை இந்தியில் விளக்கப்போய், அவர் இன்னும் குழம்பி, நீரைத் தெளித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டாராம். அப்பா விட்டது, வேறென்ன, பாகற்காய்தான்.

மறுநாள் குவார்ட்டர்ஸுக்கு வெளியே இருந்த பழைய கிராமத்திலிருந்து வரும் பால்காரம்மாவுக்கும் செய்தி தெரிந்துவிட்டது. “இன்னாம்மா நீ, அல்லாரும் காய உட்டா, நீ புள்ள ரேங்க்க உட்டுட்டு வந்துகீற? அது கங்கைல அடிச்சிகினு பூடப் போவுது.”

“படிச்சியான்னு கேக்கறது என் வேலை. அதுக்கு மேல வர்றது என் கையிலயா இருக்கு?” என்றாள் அம்மா. ஏதோ கதாகாலட்சேபத்தில் கேட்டதாக இருக்கவேண்டும். ஆனால் கேட்ட எல்லோரும் அதைச் செய்துவிடவில்லை.

அவளுக்கும் அது லேசாக வரவில்லை. பரீட்சைத் தாள் திருத்திக் கொடுக்கும் நாட்களில் துடைத்த அடுப்பையே திரும்பத் துடைப்பாள். எனக்கோ பயம் விட்டுப்போயிருந்தது. முதல்முறையாக, கணக்கைக் கணக்குக்காகவே போட்டுப் பார்த்தேன். அதிலும் ஒரு ருசி இருந்தது. ரேங்க் ஏறியது, இறங்கியது. வீட்டில் பேச்சு நிற்கவில்லை.

பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று, நான் பேப்பர் பார்த்துவிட்டு வருகையில் வாசலில் நின்றிருந்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரர்கூட என்னாச்சு என்று கேட்டுவிட்டார். இவள் வாயைத் திறக்கவில்லை. எனக்கே பொறுக்காமல், “பாஸும்மா” என்றேன். “நான் ஒண்ணும் கேக்கலியே” என்றவள், அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள்.

இப்போது அந்த வரிசையில் பாதி வீடுகள் பூட்டிக்கிடக்கின்றன, மீதியை இடித்துவிட்டார்கள். குழாயடி இருந்த இடம்கூடத் தெரியவில்லை. அம்மாவும் இல்லை. அந்த ஆசை உண்மையிலேயே அவளைவிட்டுப் போயிற்றா, எனக்காகக் கடைசிவரை அதை உள்ளே அமுக்கி வைத்திருந்தாளா என்று அவளிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால், இன்ன பதில்தான் வரவேண்டும் என்று எதிர்பார்த்தே கேட்டிருப்பேன்.