வெறுங்காலில் ஒரு வால்ட்ஸ்

எதிர்த்தவர்களை மீறி பாஸ்கல் ஜெயித்தவை இவை. கடன் வாங்கிய பேண்ட்டை மாட்டிக்கொண்டு ஆடி, அயனாவரம் கிறிஸ்துமஸ் நடன விழாவில் ஒரு கோப்பை. 'கூத்தாடி' என்று திட்டிக்கொண்டிருந்த அம்மாவின் வாயிலிருந்தே, 'இன்னொரு தடவ ஆடிக் காட்டுடா'. பிறகு, அம்பத்தூர் கிறிஸ்தவக் கோயில் ஹாலின் ஞாயிற்றுக்கிழமை மாலைகள். முதல் இரண்டுக்கும் அவன் கால் போதுமாயிருந்தது. ஹாலுக்குத்தான் ஊர்க்காலெல்லாம் வேண்டியிருந்தது என்பாள் அவன் அக்கா சகாயம்மாள்.

பாஸ்கல் ஒன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெரம்பூரில் ஆங்கிலோ-இந்தியர் வீட்டு விருந்துகளுக்குத் தட்டு எடுக்கப் போய், கையில் தட்டும் கண்ணில் அவர்கள் காலுமாக நின்றே வால்ட்ஸ், ஜைவ் என்ற ஜோடி ஆட்டங்களைக் கற்றுக்கொண்டான். அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பையன்கள் கோட்டு போட்டுக் கல்யாணம் செய்யத் தொடங்கியிருந்தார்கள். கேக் வெட்டியதும் ஜோடியாக ஆட வேண்டும், ஆடத்தான் தெரியாது. 1989இல் ஐந்தாறு பேரைச் சேர்த்து, ஞாயிறு மாலைகளில் கோயில் ஹாலில் பாஸ்கல் வகுப்பைத் தொடங்கினான். பாதம் வைக்கும் இடங்களை சகாயம்மாள் தரையில் சாக்பீஸால் வரைவாள். ஒரு தடம் கோணினாலும் அழித்துவிட்டு மறுபடி வரைவாள். கை பிடிக்கக் கூசுகிறவர்களுக்கு ஒரு துண்டு, ஆளுக்கு ஒரு முனை.

புதுக் கோயில் கட்டும்வரை அந்த ஹால்தான் கோயிலாக இருந்தது. பீடம் இருந்த இடம் என்ற மரியாதையில் எல்லாரும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வருவார்கள்.

கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் செயலாளர் ஜேசுராஜுக்கு ஹாலில் ஆட்டம் நடப்பது பிடிக்கவில்லை. ஆனால் அவர் மகன் கிறிஸ்துதாஸே வகுப்பில் சேர்ந்துவிட்டான். அவனுக்கு நிச்சயித்த ஞானகுமாரியும் நசரத்பேட்டையிலிருந்து அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

ஜேசுராஜ் ஒருநாள் வாசலில் நின்று சொன்னார்: "கல்யாணத்தன்னிக்குப் பாக்குறேன். நாலு பேர் சிரிக்கிற மாதிரி என் புள்ள ஆடுனான்னா, மறுநாளே ஹாலுக்குப் பூட்டு."

"நல்லா ஆடுனா, நைனா?" என்றான் பாஸ்கல்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலத்த உன் பேருக்கே எழுதிக் குடுக்கச் சொல்றேன், போ."

அன்றிலிருந்து பாஸ்கல் அந்த ஜோடியை மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஆட வைத்தான்.

1990 மே கடைசியில் முகப்பேர் மண்டபத்தில் வரவேற்பு. கேக் வெட்டியாயிற்று. பாஸ்கல் கேசட்டைப் போட்டான். மாப்பிள்ளை பளபளவென்று புது ஷூவில், பெண் குதிகால் உயர்ந்த செருப்பில். மொசைக் தரையில் முதல் சுற்றிலேயே கிறிஸ்துதாஸ் வழுக்கி, பெண்ணின் கவுனை மிதித்து, கேக் மேஜையைப் பிடித்து நின்றான்.

"மாப்ள, பிரேக் புடிக்கலியா?" என்று யாரோ கத்த, மண்டபமே சிரித்தது. ஜேசுராஜின் கண் பாஸ்கலைத் தேடியது.

சகாயம்மாளுக்குத்தான் முதலில் பிடிபட்டது. "டேய், ஷூடா! ஒரு நாளாவது இவங்கள ஷூவோட ஆட வுட்டோமா?"

பாஸ்கல் கேசட்டை நிறுத்திவிட்டு நடுவே போனான். "மச்சான், ஷூவக் கழட்டு."

"கோட்டு போட்டுகினு வெறுங்காலாடா? மானம் பூடும்."

"அது அப்பவே வழுக்கிகினு பூட்ச்சி. கழட்டு."

சகாயம்மாள் தரையில் உட்கார்ந்து ஞானகுமாரியின் செருப்பு வாரை அவிழ்த்தாள். பாட்டு மறுபடி தொடங்கியது. தரையின் குளிர்ச்சி பாதத்தில் பட்டதும் இருவருக்கும் தைரியம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆடியதுபோலவே, ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல், மண்டபத்தைச் சுற்றி வந்தார்கள். சிரித்தவர்கள் கை தட்டினார்கள்.

"இன்னாங்க, நமக்கு மட்டும் காலு இல்லியா?" என்று எழுந்தாள் ஜேசுராஜின் மனைவி லூர்தம்மாள்.

"சும்மா கெட," என்றார் அவர். ஆனால் விரல்கள் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் சுவரோரம் ஷூவும் செருப்பும் குவிந்துவிட்டன.

ஜேசுராஜ் சொன்ன சொல் மாறவில்லை; ஞாயிறு மாலைகளுக்கு ஒப்பந்தம் எழுத ஏற்பாடு செய்தார். பேரவை கூடும் நாளுக்குள் தம்பிக்குப் பெயர் எழுதப் பழக்கிவிட வேண்டுமென்று சகாயம்மாள் தினமும் சாக்பீஸோடு உட்கார்ந்தாள்.

"வால்ட்ஸ்ல காலால கட்டம் கட்டுறோம்ல? மேல் பக்கத்த வுட்டுட்டா 'ப'. இதுல இன்னாடா கஷ்டம்?"

"அப்ப காலாலயே எழுதிட்டுப் போறேன்க்கா."

பேரவையில் ஜேசுராஜ் ஒப்பந்தத் தாளோடு, பாஸ்கலின் கட்டை விரலுக்காக மைப்பெட்டியும் கொண்டுவந்திருந்தார். பாஸ்கல் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பேனாவை வாங்கினான்.

"இன்னாடா, ஒரு கையெழுத்துக்கு இவ்ளோ நேரமா?"

"ஸ்லோ வால்ட்ஸ், நைனா."

சகாயம்மாள் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். எதையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. பாஸ்கல் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள்: 1990 ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை.